ஜிகினா வீடு திரும்பிய படம்

கார்குழலி: யண்ணா, இன்னா பண்ணி வச்ச? படமே வரல!

பீம்ராவ்: நான் இன்னா பண்ணேன்? உன் டப்பா படுத்துக்குச்சு.

கார்குழலி: டப்பா இல்ல, குட்டி கம்ப்யூட்டரு. லினக்ஸ் ஓடுது அதுல. காலைல இருந்து மாடிய சும்மா படம் படமா புடிச்சிகினு இருந்துச்சு... இரு இரு. சார்ஜர யாரு மாத்துனது?

பீம்ராவ்: என் போன்ல சார்ஜ் இல்ல... அதான் என்னுத இதுல சொருவிட்டு...

கார்குழலி: போச்சுடா! உன் சொத்த சார்ஜர்ல கரண்டு பத்துமா? போர்டு தெணறிப் போயி கேமராவக் கயட்டி வுட்டுடுச்சு. பொறா பந்தயத்தன்னிக்குத் தான் உனுக்கு இந்த வேல!

பீம்ராவ்: வுடும்மே. நான் மாடில போய் குந்திகினு கண்ணால பாத்துக்கறேன்.

கார்குழலி: கண்ணால பாத்தா சங்கத்துல எவன் ஒத்துப்பான்? சங்கத் தலைவரு துரை அண்ணன் அத்தினி பேர் எதிர்ல இன்னா சொன்னாரு? படத்துல பொறாவும் கால் வளையமும் நேரமும் பளிச்சுன்னு வுழுந்தா, இனிமே பந்தயத்துக்கு ஒருத்தனும் ஷிப்டுக்கு லீவு போட்டு மாடில காவ காக்க வாணாம். இல்லாங்காட்டி வெளாட்டு சாமான மூட்ட கட்டிக்கோன்னாரு. இன்னிக்கு வுட்டா அவ்ளோ தான், எனுக்கு அடுத்த தபா கெடையாது.

பீம்ராவ்: மொதல்ல பொறா வரணுமே...

கார்குழலி: ஜிகினா வரும்! விடியக்கால ஆந்திராவுல ஓங்கோல்ல வுட்டாங்கோ. இந்நேரம் எண்ணூரு பொகக்கூண்டத் தாண்டியிருக்கும். அங்கேர்ந்து வியாசர்பாடிக்கு அதுக்கு வழி தெரியாதா? ...த்தோ, போர்டுக்கு உசுரு வந்துச்சு! எடு... எடு...

பீம்ராவ்: ஒரே கறுப்பா கீது.

கார்குழலி: மொத படம் அப்டித் தான். கேமரா கண்ணு வெளிச்சத்துக்குப் பழகணும். மொத கொஞ்சம் படத்தத் தள்ளிட்டு அப்பால எடுன்னு அதுக்கு சொல்லிகீறேன்... பாரு! நம்ம கூண்டு, ரமாபாய் அத்த காயப்போட்ட கருவாடு, அல்லாம் தெரியுது!

பீம்ராவ்: பொறா தெரில பாரு. வா, போய் டீ சாப்ட்டு வரலாம்.

கார்குழலி: இன்னாண்ணா நீ? குஞ்சுலேர்ந்து கைல வச்சி ஊட்டி வளத்தது நீ. நான் இங்கேர்ந்து நவுர மாட்டாம கீறேன், நீ டீயின்ற!

பீம்ராவ்: போன வருசம் அதோட ஜோடி இதே ஓங்கோலு போச்சு. வந்துச்சா? அதான்... ரொம்ப ஆச வைக்காதன்றேன்.

கார்குழலி: ஐயே, இன்னாது இது? படம் பூரா செவப்பா, சொரசொரன்னு...

பீம்ராவ்: வெரலு மாரி கீது. பொறா வெரலு.

கார்குழலி: கேமரா மேலயே குந்திகீது! எறங்குடி என் ராசாத்தி! கூண்டுக்குப் போ!

பீம்ராவ்: எதுனா ஊர்ப் பொறாவா இருக்கும்...

கார்குழலி: நீ மேல போவாத, ஆளப் பாத்தா மெரண்டுடும்! குந்து! அடுத்த படம்... எறங்கிட்டா! பச்ச வளையம்! நேரமும் வுழுந்துகீது! அண்ணா, கழுத்தப் பாருண்ணா, எப்டி மின்னுது! வந்துட்டாண்ணா! ஜிகினா வந்துட்டா!

பீம்ராவ்: இல்ல... இருக்காது.

கார்குழலி: இன்னா இருக்காது? ஏன் மூஞ்சி வெளுத்துப் போச்சு?

பீம்ராவ்: குழலி... நான் அத ஓங்கோலுக்கே அனுப்பல.

கார்குழலி: சொல்லுண்ணா.

பீம்ராவ்: நேத்து சாயங்காலம் கூடைய எடுத்துகினு ராயபுரம் சங்கத்துக்குத் தான் கெளம்புனேன். மனசு கேக்கல. ஜோடி போன வழியே இதுவும் போயிட்டா? நேரா பெரம்பூரு போயி, என் தோஸ்து எழிலன் வூட்டுப் பரண் மேல வச்சிட்டு, சங்கத்துல குடுத்துட்டேன்னு உங்கிட்ட புளுவிட்டேன். சார்ஜரக்கூட வேணும்னே தான்... மிசினு ரிப்பேருன்னு ஆயிட்டா, பொறா ஏன் வரலன்னு நீ தேட மாட்டன்னு... தப்பு தாம்மே. உன் வேலையையே கெடுக்கப் பாத்தேன்.

கார்குழலி: தெரியும்.

பீம்ராவ்: இன்னா தெரியும்?

கார்குழலி: பரண்லேர்ந்து கூடைய எறக்கி, ஓங்கோலு வண்டி கெளம்பறதுக்குள்ள ஓடிப் போயி சங்கத்துல குடுத்தது நான் தான்.

பீம்ராவ்: அடிப்பாவி! வராம போயிருந்தா?

கார்குழலி: ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல. உன் மூஞ்சில எப்டி முழிப்பேன்னு அழுதுகினே கெடந்தேன். இப்ப வந்துட்டா இல்ல?

பீம்ராவ்: வந்துட்டா... ஓங்கோல்லேர்ந்து வந்துட்டாடீ! ஏய், துரைக்கு அந்தப் படத்த அனுப்பு! சங்கம் பூரா பாக்கட்டும்... இரு. எழிலன் போட்டுக் குடுத்துட்டானா? செத்தாலும் வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணானே!

கார்குழலி: அவரு தொறக்கலண்ணா.

பீம்ராவ்: அப்புறம் உனுக்கு எப்டித் தெரியும்?

கார்குழலி: நீ அவரு கையப் புடிச்சிகினு தேம்பித் தேம்பி அழுதப்போ, நான் உள் ரூம்ல கதவ சாத்திகினு நின்னேன்... பொங்கலுக்கு முன்னாடியே நாங்க ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிகினோம்ணா.