எழுபது கோடு

“ஹலோ… ஹலோ! யெஸ், யெஸ், பெர்னார்ட் ஸ்பீக்கிங்… கோபேயிலேர்ந்தா? கனெக்ட் பண்ணுங்க மிஸ், கனெக்ட் பண்ணுங்க… ஹலோ, மச்சான்!”

சிங்கப்பூர் பிடோக் வீட்டில், காலணி அலமாரியின் மேலிருந்த தொலைபேசியை பெர்னார்ட் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். மனைவியின் தம்பி இயேசுதாசன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். அன்று மாலை கப்பல் ஜப்பானின் கோபே துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது. அதற்குள் அவன் ஒரு கடைக்குப் போய், பெர்னார்டின் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் வாங்கியாக வேண்டும். ‘பொம்மை’ என்ற சொல்லை பெர்னார்டின் காதில் விழும்படி யாரும் சொல்வதில்லை.

“…அக்கா நல்லா இருக்கா, நல்லா இருக்கா. டாக்டர் அடுத்த மாசம்னு சொல்லியிருக்கார்… மார்க்கெட் போயிருக்கா, இப்ப வந்துருவா… சரி சரி, அதெல்லாம் லெட்டர்ல எழுதறேன். கடைக்குப் போனியா?… ம்… ரெண்டு தினுசு இருக்கா? ஆமா, ஆமா, அதான்! தடியா ஒண்ணு, மெலிசா ஒண்ணு… தடி வேணாம்லா. ரயிலு ஏதோ மதில் மேல ஓடுற மாதிரி இருக்கும்… யாரு கவனிப்பாங்களா? நான் கவனிப்பேன்!… உட்லண்ட்ஸ் ரயில்வே கேட்டுகிட்ட தரையில படுத்தே பார்த்துட்டு வந்தேன். தூரத்துலேர்ந்து பார்த்தா தண்டவாளம் இருக்கிறதே தெரியாது… சிரிக்காத. கேட் கீப்பரும் இப்படித்தான் சிரிச்சான்.”

அப்படிப் படுத்துப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை அவன் பூசைக்குப் போகவில்லை. தண்டவாளத்தின் உயரத்தைக் குறிக்கத் தயாரிப்பாளர்கள் ஓர் எண் வைத்திருக்கிறார்கள், அதற்கு ஆங்கிலத்தில் ‘கோடு’ என்று பெயர், எண் குறைந்தால் உயரமும் குறையும் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தான். அதிலிருந்து அவனுக்கு வேறு எந்தக் கோடும் நினைவில் நிற்பதில்லை. மனைவி மதலேனா படுக்கையறைத் தரையில் சாக்பீஸால் போட்டிருந்த கோடு உட்பட. இந்தப் பக்கம் தொட்டில், அந்தப் பக்கம் ரயில். கோட்டைத் தாண்டி ஒரு பெட்டி வந்தாலும் மொத்தத்தையும் குப்பைக் குழாயில் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள்.

“இப்ப நல்லா கேட்டுக்க, மச்சான். கோடு நூறு வேணாம். கோடு எழுபது… எழுபது. செவன், ஜீரோ… ஆமா, ஆமா… எத்தனை கோடா? அதான் சொல்றேனே, எழுபது கோடு!… நூறாவே எடுத்துட்டா நல்லதா? ஐயோ, நூறு ரொம்ப ஓவர்… எண்பதும் வேணாம். நெஜ ரயில் மாதிரி இருக்கணும்னா எழுபதுதான்… ஆமா, கரெக்ட்.”

கடலில் திரிகிறவனுக்குக்கூட ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று பெர்னார்ட் பெருமூச்சு விட்டான்.

“…என்னது, இடமா? கேபின்ல ஏன் இடமில்ல?… ரவூப் கத்துவாரா? கூடப் படுக்கிறவர்தானே, கப்பலே அவருதா? கட்டிலுக்கு அடியில தள்ளு… மடக்காத, மடக்காத! வளைஞ்சா போச்சு… ரெண்டும் வைக்க முடியாதா? எது ரெண்டும்?… வண்டியா? வண்டி எதுக்கு மச்சான்? என்கிட்டதான் வண்டி இருக்கே, மூணு இருக்கு… ஆமாடா, மூணு. ஒண்ணு பழசு, சக்கரம் கொஞ்சம் ஆடும்… எதுக்கா? ஒண்ணு பின்னால ஒண்ணு போகும்லா… கங்கிராட்ஸா? எதுக்குக் கங்கிராட்ஸ்? சரி, தேங்க்ஸ், தேங்க்ஸ்… அடடா, வாங்கியே வச்சுட்டியா? உனக்குப் பெரிய மனசு, மச்சான். ஆனா திருப்பிக் குடுத்துரு… அக்காவா? அக்கா என்ன சொல்லப்போறா? அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். வண்டி இல்லாட்டி பரவாயில்ல. தண்டவாளம்தான் முக்கியம்.”

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது, ஒரு குடும்பத் தலைவனுக்குரிய உறுதி தன் குரலில் இருப்பதை அவனே கேட்டு ரசித்தான்.

“யெஸ் ஆபரேட்டர், ஒன் மினிட், ப்ளீஸ்… மச்சான், சீக்கிரம் ஓடு… என்ன? தூக்கிட்டு வர ஆள் வேணுமா? இத்துனூண்டு தண்டவாளத்துக்கு ஆள் எதுக்குலா?… ஒண்ணு ஒரு மீட்டர் நீளம், தெரியும்… ஆமா… அப்ப எழுபதும் சேர்ந்தா… எழுபது மீட்டரா? மச்சான், எழுபது பீஸ் இல்ல! எழுபதுன்னா உயரம்! நாலு பீஸ் போதும், நாலு! கோடுன்னா கோடு இல்லடா, கோடு!… ஹலோ? ஆபரேட்டர்! ஹலோ?”

தொடர்பு அறுந்துபோயிருந்தது.

வாசல் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. மதலேனா ஒரு கையில் காய்கறிப் பையும் மற்றக் கை இடுப்பிலுமாக உள்ளே வந்தாள்.

“யாருங்க, தம்பியா? வண்டி வாங்கிட்டானா?”

“எந்த வண்டி?”

“எந்த வண்டியா? பாப்பாவை வச்சுத் தள்ற வண்டிதான். ஜப்பான்ல நல்லா இருக்கும்னு எத்தனை லெட்டர் போட்டேன்! வாங்கிட்டானா, இல்லையா?”

திறந்திருந்த படுக்கையறைக் கதவு வழியே தரையில் அவள் போட்ட கோடு தெரிந்தது. வெள்ளையாக, நேராக, ஒரே ஒரு கோடு.

பெர்னார்ட் தொலைபேசியை மெதுவாக மீண்டும் காதில் வைத்தான். ஒரு விரலைத் தூக்கி, இரு என்று மனைவிக்குச் சைகை காட்டினான்.

“ஆமா மச்சான்… ம்… ஆமா, ஆமா… சொல்லு, சொல்லு…”