குண்டுப் பெட்டியும் அம்மன் காசும்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, அதன் அம்மன் காசு செல்லாமல் போன புதிது. இலுப்பூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கடைக்காரர்கள்.

"பெட்டி இன்னமும் அம்மன் காசைத்தான் கேக்குதுங்க" என்றார் காப்பிக் கடைக்காரர்.

காசு போட்டால் இரும்புக் குண்டு வந்து, ஆணிகளுக்கு நடுவே ஓடும் விளையாட்டுப் பெட்டி. எல்லாப் பெட்டியையும் அம்மன் காசு அளவுக்கே செய்து விற்றவர் பட்டறையைப் பூட்டிவிட்டாராம்.

"காலணா போட்டுப் பாத்தீங்களா?" என்றார் சோடாக் கடைக்காரர்.

"நுழையல. அரத்தால ராவி ஓட்டையைப் பெருசாக்கினேன். இப்ப நுழையுது, குண்டு வரமாட்டேங்குது."

"எங்க கடையிலயும் அதே கதைதான். காலணாவை நீங்க வாங்கிக்கிட்டு, அம்மன் காசைக் கையில கொடுங்களேன்."

"கொடுத்தேன். செல்லாக் காசைத் தலையில கட்டிட்டு நல்ல காசைப் பிடுங்குறேன்னு சண்டைக்கு வர்றாங்க. அதனால சும்மாவே கொடுக்கிறேன். நாள் பூரா கூட்டம்."

"காப்பியாவது குடிக்கிறாங்களா?"

"குண்டை விட்டுட்டு எங்க குடிக்கிறது. மாட்டை வித்து வாங்கின பெட்டிங்க, சும்மா கெடக்க விட மனசு வரல."

"அப்ப ஒங்களுக்கு என்னதான் கெடைக்குது?"



"அதைக் கேக்கத்தானே பட்டறைக்குப் போனேன். பூட்டியிருக்கு."