வாளியில் குடிக்கத் தெரியாத கன்று

மேலே குறித்துள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது முப்பத்தொன்று. மருத்துவமனை ஆய்வகத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியனாக இருக்கிறேன். என் மனைவி சென்ற மாதம் இறந்துவிட்டாள். இன்று காலை என் மாமனார் தாமாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, மகளைக் கொன்றது தான்தான் என்றும் தன்னைக் கைது செய்யும்படியும் சொல்லி, பெஞ்சை விட்டு எழ மறுப்பதாக ஆய்வாளர் போன் செய்ததால் வந்தேன்.

மாமனார் பால் பண்ணை வைத்திருக்கிறார். பண்ணைக்குப் பின்னால்தான் எங்கள் வீடும். மடிநோய் கண்ட பசுவுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் மருந்து பாலிலும் வரும் என்பதால், குறித்த நாள் முடியும்வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. அவர் ஒரு சொட்டுகூட விற்றதில்லை. கொட்டவும் மனம் வராமல் கன்றுகளுக்குக் கொடுத்துவந்தார். பல பண்ணைகளில் அப்படித்தான்.

கன்றுகளுக்குப் பால் காட்டுவது என் மனைவி. பிறந்த கன்றுக்கு வாளியில் குடிக்கத் தெரியாது. பாலில் நனைத்த விரலைச் சப்பக் கொடுத்து, மெல்லக் கையை வாளிக்குள் இறக்க வேண்டும். வாளியை முகத்துக்கு நேரே வைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "அதுவும் உன்னை மாதிரிதான் மீட்டரு. தட்டுல போட்டு வச்சாலும் யாராவது வந்து கையப் புடிச்சு இழுக்கணும்" என்றாள். எப்போதும் கருவிகளோடு கிடப்பதால் மீட்டர் என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். இது விசாரணைக்குத் தேவையா என்று ஆய்வாளர் கேட்டார். இருக்கட்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, மாத்திரைக்கு அடங்கவில்லை. அதன் பிறகு குளிர்காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. எங்கள் ஆய்வகத்தில் கல்ச்சர் வைத்து, அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்ததில், வழக்கமான மருந்து எதற்கும் அது மசியவில்லை. நான் நம்பாமல் கருவியைத் திறந்து சரிபார்த்தேன். கருவி சரியாக இருந்தது. அவளிடம் சொன்னபோது, "வேற மெஷின்ல பாரேன் மீட்டரு" என்று சிரித்தாள். வேலை செய்யக்கூடிய ஒரு மருந்தைத் தேடிப் பிடித்து ஏற்றுவதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

அவள் இறந்த பிறகு, பண்ணையிலிருந்து தொற்றியிருக்குமோ என்று மாமனார் கேட்டுக்கொண்டபடி கன்றுகளின் சாணத்தையும் பரிசோதித்தோம். நேற்று முடிவு வந்தது. அதே வகைக் கிருமி, அதே மருந்துகளுக்கு அடங்காதது. மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். அவர் கேட்டார், சொல்லிவிட்டேன். "அப்ப நான்தான் மாப்ளே" என்றார்.

ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன். இரண்டும் ஒரே வகை என்பதைத்தான் அந்தப் பரிசோதனை காட்டும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்டாது. கன்றிடமிருந்து அவள் கைவழியே வந்திருக்கலாம். தண்ணீரில் வந்திருக்கலாம், இறைச்சியில் வந்திருக்கலாம், சளி பிடித்தாலே ஆளாளுக்கு வாங்கி விழுங்கும் மாத்திரைகளால் ஊருக்குள்ளேயே வளர்ந்திருக்கலாம். மாமனாரைக் காப்பாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பாலைக் கொடுத்தது தவறு. மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால், அதைத் தாங்கும் கிருமிதான் மிஞ்சிப் பெருகும். மாட்டுக்கும் மனிதனுக்கும் பல மருந்துகள் ஒன்றுதான். இனி அந்தப் பால் கன்றுக்குப் போகாது.

அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. அவள் போன பிறகு, வேளை தவறாமல் வந்து கையைப் பிடித்து இழுத்து என்னைச் சாப்பிட வைப்பவர் அவர்தான்.

நேற்று ஒரு கன்று பிறந்திருக்கிறது. தாய்க்கு மடிநோய் என்பதால் வேறு பசுவின் பாலை வாளியில் வைத்தோம். அது குடிக்காததால் நேற்று முதல் பண்ணை ஊழியர் டியூப் வைத்துத்தான் ஊட்டுகிறார். மாமனார் தன் கையால் தொட மாட்டேன் என்கிறார். இன்று காலை நான் முயன்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமனார் பெஞ்சிலிருந்தே, எத்தனை விரல் வைத்தேன் என்று கேட்டார். ஒன்று என்றேன்.

"ரெண்டு வைக்கணும் மாப்ளே. முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவணும்" என்று எழுந்துகொண்டார்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது, அத்தனையும் உண்மை. மாமனார் வாசலில் காத்திருப்பதால் இத்துடன் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)