ஏழாம் பரணில் இருந்து வந்த பதில்

இரவு ஒன்றே கால். கண்டாவளைக்கு உள்ளே போகும் கிறவல் றோட்டு... முடிகிற இடத்தில் வயல். ஒரு நாய்கூட இல்லை. கதிரைகளைக் கொஞ்சம் கிட்ட இழுங்கள். நான் எதையும் பத்து மடங்காக்குவேன் என்று என் பென்சன் புத்தகத்துக்கே தெரியும். இன்று இரண்டு மடங்கோடு நிறுத்துகிறேன்.

என் சிநேகிதன் சிவராசாவின் மருமகள் சுமித்திராவுக்கு நடந்தது இது. காட்டு யானைகளைப் படம் பிடித்து, அதைப் பார்த்துச் சுவரளவு வரைந்து தொங்கவிடுகிற பிள்ளை. ஊருக்கு மின்வேலி வரப்போகிறது. குளத்துக்கு யானை வரும் பாதையில் ஓர் இடைவெளி விடாவிட்டால் கோடையில் அதுகள் தண்ணீரில்லாமல் சாகும் என்றாள். அந்தப் பக்கம் யானை வந்தே வருசக் கணக்காச்சு, முழுக்க அடைப்போம் என்றது வயல்காரரின் கமக்காரர் அமைப்பு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். யானை வருகிறது என்று காட்ட அதற்குள் படம் வேண்டும். பாதை போவது கமலாசனியின் வயலோரம். அவருடைய கையெழுத்தும் வேண்டும். அவருடைய கணவரை மூன்று வருடத்துக்கு முன் யானை மிதித்ததும் அதே பாதையில்தான். என்ன முகத்தோடு கேட்பது?

இரவில் ஏறி இருந்து வயல் காக்கிற பரண்களில் அந்த மனிதருடையதுதான் ஏழாவது. பாதை தெரிவது அதிலிருந்து மட்டும். ஏறி இருந்துவிட்டாள்.

எங்கள் காவல் முறை இதுதான். அரை மணிக்கு ஒரு தடவை முதல் பரண்காரர் "ஓ..." என்று குரல் வைப்பார். இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகப் பதில் போகும். ஒரு பரண் பேசாவிட்டால் எல்லோரும் இறங்கி, சேற்றில் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். மாதக் கணக்காக நித்திரையில்லாத சனம். கடைசிப் பரணும் பதில் சொல்லிவிட வேண்டுமே என்பதுதான் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்.

சுமித்திராவுக்கு அது நாலாம் இரவு. கண் முழுக்க மணல். அந்த ஒன்றே காலுக்கு... ஒரு நிமிடம்தான் என்று மூடினாள்.

விழித்தபோது விடிந்திருந்தது. கமரா மடியில், வார் கழுத்தில். கீழே முறிந்த கொப்புகளின் பச்சை மணம். ஆவி பறக்கிற யானை லத்தி, ஒவ்வொன்றும் அண்டா அளவு. சரி, சட்டி அளவு. வந்து போயிருக்கின்றன. நாலு இரவும் வீண். அழக்கூடத் தெம்பில்லாமல் குந்திக்கொண்டிருந்தாள்.

ஆறாம் பரணில் இருந்து மாமன் சிவராசா வந்தார்.

"பரவாயில்லைப் பிள்ளை. ஒருக்காலும் பிந்தாமல் பதில் சொன்னனீ."

"நான் நித்திரை, மாமா."

"விசர்க் கதை. விடியுமட்டும் கேட்டனான். குரல்தான் கொஞ்சம் அடைச்சிருந்தது."

அவள் கமராவைப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தொரு படங்கள். நிலவில் கூட்டம், குட்டி, தும்பிக்கை... பரணில் இருந்து எடுத்தால் முதுகுதான் தெரியும். இவற்றில், நிலத்தில் கிடந்து எடுத்த மாதிரி, வயிறு தெரிந்தது.

ஞாயிறு காலை பொதுநோக்கு மண்டபத்தில், தன் ஓவியங்களுக்கு நடுவே அவற்றையும் பெரிதாக்கித் தொங்கவிட்டாள். அமைப்புக்காரர் ஒவ்வொரு படமாகக் கிட்டப் போய் யானைகளை எண்ணினார்கள். கமலாசனி மட்டும் கடைசிப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். படம் முழுக்க ஒரு பாதம்... அடிப்பக்கம், வெடிப்பு வெடிப்பாக. ஓரத்தில், மங்கலாக, விரித்த ஒரு கை.

யானையை மறிக்கிற மாதிரி இருக்கிறது, கழற்றிவிடுகிறேன் என்று சுமித்திரா தடுமாறினாள்.

"யானையை இல்லைப் பிள்ளை," என்றார் கமலாசனி. "என்ரை மனிசன் எங்கடை ஆக்களைத்தான் மறிக்கிறார். யானை கலைக்க வெடி கொளுத்தேக்கை இப்பிடித்தான் கையை விரிப்பார், அதுகள் போகட்டும் விடுங்கோ எண்டு."

பேனையை வாங்கினார். கையெழுத்தை வைத்தார். பிறகு, மிகவும் களைத்த குரலில், யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"மூண்டு வருசமாச்சு... இன்னும் எழும்பேல்லையோ மனிசன்?"