மூணு மடங்கு வேகம்

வேகமாவா பேசுறேன்? மன்னிச்சுக்கோங்க டீச்சர். இப்போல்லாம் எல்லாரும் அதான் சொல்றாங்க. நேத்துகூட எங்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிற அம்மா, நான் பிரேக் பிரேக்னு கத்துனது புரியாம நேராக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில விட்டுட்டாங்க. தொட்டிக்கு ஒண்ணும் ஆகல.

ஆமா, டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கிறேன். நீங்களும் வாத்தியார், நானும் வாத்தியார். என்ன, என் பசங்களுக்கு வயசு நாப்பது இருக்கும். இத்தனை வருஷத்துல என் வாயில அதிகமா வந்த வார்த்தையே மெதுவாங்கிறதுதான். மெதுவா கிளட்ச்ச விடுங்க, மெதுவாத் திருப்புங்க. நிஜமாங்க, நான் அப்படிப் பேசுற ஆளுதான். இந்த மனுஷன் ஒரு பேச்சைப் பேசி முடிக்கிறதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிடும்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. அப்போ சொல்லுவா. இப்போ அவ வேற வீடு, நான் வேற வீடு. அது கெடக்கட்டும் விடுங்க.

பார்வை இல்லாத பிள்ளைங்களுக்குப் புஸ்தகம் வாசிச்சுப் பதிவு பண்ண வந்திருக்கீங்க, உங்களுக்கு இன்னைக்குக் குரல் தேர்வுதானே? பயப்படாதீங்க. உள்ள சின்ன ரூம், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஃபேன் போட விடமாட்டாங்க, சத்தம் பதிவாயிடும்னு. கைக்குட்டை வெச்சிருக்கீங்கல்ல? வெறும் வயித்தோட போகாதீங்க, அதுவும் கத்தும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் சொல்லணும். கேக்குற பிள்ளைங்க பட்டனைத் தட்டி நேரா அந்தப் பக்கத்துக்குத் தாவுவாங்க. நாம நம்பரை விட்டோம்னா அதுங்க நடுவழியில நிக்கும். அப்புறம், படம் வந்தா அதுல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லணும். நான் ஒரு தடவை தவளைப் படத்தைப் பாத்துட்டு, தவளை கொஞ்சம் கவலையா இருக்குன்னு சேத்து வாசிச்சுட்டேன். பரீட்சையில மூணு பேர் அதை அப்படியே எழுதி வெச்சுட்டாங்க.

உணர்ச்சியோட வாசிப்பீங்களா? நல்லதுதான். ஆனா ஒண்ணு சொல்றேன், மனசு ஒடிஞ்சுடாதீங்க. நானும் அப்படி வாசிச்சவன்தான். வரலாற்றுப் புஸ்தகத்துல பஞ்சத்தைப் பத்தி ஒரு பாடம். ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி, உருகி வாசிச்சேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் தம்பி கண்ணைத் தொடச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் ஒரு நாள் இதே வராண்டாவுல ஒரு பையன் செல்போன்ல எதையோ வெச்சுக் கேட்டுட்டிருந்தான். கிர்ர்ருன்னு மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம். என்னப்பா, போன் ரிப்பேரான்னு கேட்டேன். இல்ல சார், பஞ்சம்னான்.

ஆமாங்க, அதேதான். எல்லாப் பிள்ளைங்களும் மூணு மடங்கு வேகத்துல வெச்சுத்தான் கேக்குறாங்க. படிக்க எவ்வளவு இருக்கு, நாம இழுத்து இழுத்து வாசிச்சா எப்போ முடிப்பாங்க? நாம கண்ணால ஓட்டுறதை அவங்க காதால ஓட்டுறாங்க. தப்பே இல்ல. என் சோகம்தான் வீணாப்போச்சு.

இங்க ஒரு பொண்ணு வரும். ஆறாம் வகுப்புலேர்ந்து இப்போ காலேஜ் வரைக்கும் அவளுக்கு எல்லாப் புஸ்தகமும் நான் வாசிச்சதுதான். வருஷா வருஷம் அடுத்த வகுப்புப் புஸ்தகத்தை முன்னாடியே கேட்டு வாங்கிடுவேன். அவ பாஸானா நானும் பாஸ். முன்னாடி மேஜையில இருக்கிற அம்மாகிட்ட, அவரையே வாசிக்கச் சொல்லுங்க, அவர் குரல் காதுக்குப் பழகிடுச்சுன்னு சொல்லியிருக்கா. அதைக் கேட்டதும் எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல, சந்தோஷத்துல.

பேரா? போட வேண்டாம்னு சொல்லிட்டேன். வாசித்தவர் ஒரு தன்னார்வலர், அவ்வளவுதான் வரும். பேர் தெரிஞ்சா ஒரு வீட்டுல அந்தப் புஸ்தகத்தைக் கையால தொட விடமாட்டாங்க. அப்புறம் படிப்பு என்ன ஆகுறது, சொல்லுங்க.

போன மாசம் அவ இங்க வந்திருந்தா. இதே பெஞ்சு, நீங்க உக்காந்திருக்கிற எடம்தான். மூக்கைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, அப்படியே அவங்கம்மா மூக்கு. மடிச்ச கம்பு மடியில கெடக்கு, ஒரு காதுல இயர்போன். அதுலேர்ந்து லேசா கிர்ர்ருங்குது. பொருளாதாரம், என் குரலு. நான் கண்டுபிடிச்சுட்டேன். பக்கத்துல உக்காந்து, மழை விட்டுடுச்சாம்மான்னு கேட்டேன். விட்டுடுச்சு அங்கிள்னா. அவ்வளவுதான். இத்தனை வருஷம் அவ காதுக்குள்ளயே பேசியிருக்கேன், அவளுக்கு அடையாளம் தெரியல. நானும் விடாம, காலேஜ் எப்படிம்மா, பஸ்லயா வந்தேன்னு கேட்டுப் பாத்தேன். அவ ரொம்ப மரியாதையாத்தான் சொன்னா. கொஞ்சம் பேசாம இருக்கீங்களா அங்கிள், படிச்சிட்டிருக்கேன்னு.

நான் பேசுறதைக் கேக்கணும்னு என்னையே பேசாம இருக்கச் சொல்றா.

பரவால்ல, சிரிங்க. நானும்தான் சிரிச்சேன். அப்புறம் ஸ்கூல் கார்ல போய் உக்காந்து அழுதேன். எல் போர்டு மாட்டுன கார்ல ஒருத்தன் அழுதா யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஓட்ட வரலன்னு நெனச்சுக்குவாங்க.

சொல்லியிருக்கலாம்தான். நான்தான் உன் புஸ்தகத்தை வாசிக்கிறவன்னு என் மெதுவான குரல்ல சொன்னா நம்புவாளா? அவளைப் பொறுத்தவரைக்கும் இது வழியில போற எவனோ ஒருத்தன் குரல். அதான் ஒரு மாசமா பழகுறேன். நான் வாசிச்சதையே வேகமா ஓடவிட்டு, கூடவே சொல்லிச் சொல்லிப் பாக்குறேன். மூணு மடங்கு மனுஷ வாய்க்கு வராதுன்னு ரெக்கார்டிங் தம்பி சொல்றான். ரெண்டரை வரைக்கும் கொண்டுவந்துட்டேன். அந்தக் குப்பைத்தொட்டிகூட அதனாலதான். வாய் பழக்கத்துல ஓடிருச்சு.

இன்னைக்கு அவளுக்குக் கடைசி வருஷப் புஸ்தகம் குடுக்கிறாங்க. இருங்க, வாசல்ல ஆட்டோ வந்து நிக்குது. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க டீச்சர், அந்த எடம் அவளுக்கு. ஒரே ஒரு தடவை இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. பக்கம்நாப்பத்திரெண்டுபடம்ஒண்ணுசந்தையில்ஒருவர்தராசுடன்நிற்கிறார்.

புரிஞ்சுதா? ஒரு வார்த்தைகூடவா புரியல? அப்பாடா. அப்போ அவளுக்குப் புரியும்.

கம்பு தட்டுற சத்தம் கேக்குதுல்ல, அவதான். மொதல்ல புஸ்தகம் வாசிக்கிற ஆளு நான்தான்னு தெரியட்டும். அப்பாங்கிறதை அப்புறம் சொல்லிக்கலாம். அதை மெதுவாத்தான் சொல்லணும். மெதுவாச் சொல்றது எனக்கு நல்லா வரும்.