சாட்சி சொல்லப் போனவள்

எண்பதுகளில் ஒரு காலை, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் கேட்ட குரல் எழுப்பிவிட்டது.

"கோர்ட்டுக்கு எவளாச்சும் கல்யாணப் பட்டு கட்டிக்கிட்டு வருவாளாடி?"

கேட்டவளின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. பட்டுக்காரி அவளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவள், வயதில் சிறியவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"பழைய சீலையில போனா, கூலிக்காரி என்னமோ உளர்றான்னு நெனப்பாங்கக்கா."

பெரியவள் சிரித்துவிட்டாள். பிறகு, "மிஷின்ல என் கை மாட்டினப்ப கம்பெனி கேட்டு முன்னால எத்தினி பேரு வந்து கோஷம் போட்டாங்க! இன்னிக்கி ஒருத்தரையும் காணோமே" என்றாள்.

"அவங்கள வையாதக்கா. அவங்க கத்தினதாலதான் கேஸே ஆச்சு. ஆனா மிஷின்ல தடுப்பு இல்லாததைப் பக்கத்துல நின்னு பாத்தது நான்தானே? அதை அவங்க எப்பிடிச் சொல்ல முடியும்?"

"சொன்னா உன் வேலை போயிரும்டி."

"தெரியும்."

பஸ் குருபரப்பள்ளி தாண்டியதும் சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, கூண்டுல ஏறினா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நீ எங்க இருப்பே?"

"உன் கண்ணுக்கு நேராவே நிக்கிறேன். ஜட்ஜைப் பாக்காத. சாப்பாட்டு நேரத்துல எங்கிட்ட பேசுவியே, அப்பிடியே என்னைப் பாத்துச் சொல்லு."