வலியை அளக்க வெளியே நின்ற அம்மையாருக்கு

மயக்க மருந்தின் மாண்பறிந்த மருத்துவரே! மருண்டு வருவோர்க்கு மருந்துக்கு முன்பே மனத்துணிவு தரும் மாதரசியே! மயக்கவியல் துறையின் தலைவரே, தாட்சாயிணி அம்மையார் அவர்களே!

நசரத்பேட்டை நெடுஞ்சாலையோரம் நிற்கும் நம் மருத்துவமனையில் தாங்கள் இன்று பணி ஓய்வு பெறுகிறீர்கள். மகிழ்ந்து வழியனுப்ப வேண்டிய நாங்கள், மகிழ முடியாமல் நிற்கிறோம். பாராட்ட வந்த இடத்தில் புலம்பக் கூடாது என்று ஹேமாவதி சிஸ்டர் கண்டித்திருக்கிறார். முயன்று பார்க்கிறோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுத் திணறியோர்க்கு முன்னின்றீர்கள். அறுவை அரங்கில் அஞ்சியோர்க்கு அருகிருந்தீர்கள். கோபம் வந்தால் எங்களைக் குரலாலேயே கிடுகிடுக்க வைத்தீர்கள்! ஆயினும் தங்கள் மனம் குடியிருந்தது அவசர சிகிச்சைப் பிரிவில்தான். இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியோர், எக்ஸ்ரேவுக்கும் கட்டிலுக்கும் காத்திருக்கும் நேரமெல்லாம் துடிப்பதைத் தங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வந்தவுடன் தொடை நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டால், வழக்கமான வலி ஊசியைவிட அது நன்றாகக் கேட்குமா என்று அறிய ஓர் ஆய்வைத் தொடங்கினீர்கள். கேட்கும் என்று நிறுவிவிட்டால், அந்த வாசலில் வந்திறங்கும் எல்லோருக்கும் அதையே வழக்கமாக்கிவிடலாம் என்பது தங்கள் கனவு.

ஊசி போட்டபின், பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் தாங்களே கேட்டீர்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். மூன்று என்றார்கள், இரண்டு என்றார்கள். இரண்டில் எந்த ஊசி போட்டுக்கொண்டவர்களும் அப்படியே சொன்னார்கள். நம் மருத்துவம் இத்தனை நன்றாக இருக்கிறதே என்று நாங்களும் பூரித்துப் போனோம்!

அந்தப் பூரிப்பைக் கெடுத்தவர் குத்தம்பாக்கத்துப் பெரியவர் கோதண்டம். தங்களிடம் "ரெண்டுதாம்மா" என்றவர், தாங்கள் திரையை விலக்கி வெளியே வந்ததும் தம் மகளிடம், "உயிரு போவுது மங்களம்! அந்தம்மா நமக்கோசரம் இவ்ளோ கஷ்டப்பட்டுகினு கீறாங்க, அவங்க மூஞ்சப் பாத்து பத்துன்னு எப்டி சொல்றது?" என்றார். திரைக்கு இந்தப் பக்கம் எங்களோடு நின்று தாங்களும் அதைக் கேட்டீர்கள்.

உடனே உள்ளே திரும்பிப் போய் அவர் வலி தணிய மருந்து கொடுத்தீர்கள். அடுத்து வந்தவர்களிடம் அறிமுகமில்லாத ஒருவரை அனுப்பிக் கேட்கச் செய்தீர்கள். ஏழு என்றார்கள், எட்டு என்றார்கள். அதுவரை திரட்டியது அத்தனையையும் தள்ளிவிட்டீர்கள். "எல்லாத்தையுமா மேடம்?" என்று மருத்துவர் தினகரன் மன்றாடினார். "இந்த நம்பர்ல வலி இல்ல தினகரன். என் மேல இருக்கற மரியாதைதான் இருக்கு" என்றீர்கள். நெறிமுறைக் குழுவின் முன்னால் நின்று நடந்ததைச் சொல்லி, முதலிலிருந்து தொடங்க அனுமதி வாங்கினீர்கள்.

புதிய ஆய்வில், வலியைக் கேட்கும் வேளையில் தாங்கள் அறையில் இருக்கக் கூடாது என்பது தாங்களே போட்ட விதி. பிடித்த கையை விட்டுவிட்டு வெளியே வருவதற்குத் தாங்கள் பட்ட பாட்டை நாங்கள் அறிவோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நோயாளிகளின் உறவினரோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். "இன்னாம்மா, உங்காளும் உள்ளதான் கீறாரா?" என்று ஓர் அம்மாள் தங்களிடமே விசாரித்தார். தாங்கள் ஆமாம் என்றீர்கள்.

முதல் ஆய்வை அப்படியே விட்டிருந்தால், அதன் முடிவை அறிவித்து இந்த மேடையிலேயே மாலை சூட்டியிருப்போம். தாங்கள் விடவில்லை, ஆகையால் முடிவைக் காணாமலே விடைபெறுகிறீர்கள். இன்னும் ஓராண்டு இருக்க விடுங்கள் என்று நிர்வாகத்திடம் கெஞ்சினோம், கிடைக்கவில்லை. எங்களுக்கு மனம் ஆறவே மாட்டேனென்கிறது, அம்மா!

மருத்துவர் கிருஷ்ணப்பிரியா ஆய்வைத் தொடர்ந்து நடத்துவார். முடிவுகளைப் பாதியில் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் தங்கள் விதியே. எனவே பட்டாபிராம் வீட்டிலிருந்து தாங்கள் எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டால், மின்ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசுவோம், மழையைப் பற்றிப் பேசுவோம். ஆய்வைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டோம். பொறுத்தருள்க!

நோயின்றி, நொடியின்றி, நிறைந்த மனத்தோடு நெடுங்காலம் வாழ்க! முடிவு தெரியும் நாளில் நாங்கள் அனைவரும் தங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்போம். அந்த ஊசி வென்றாலும் சொல்வோம், தோற்றாலும் சொல்வோம். தங்கள் முகத்தைப் பார்த்துக் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

கலங்கிய கண்களோடும் கூப்பிய கைகளோடும்,
மயக்கவியல், அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பணியாளர்கள்